கோல்ஃப் புரோ: ஆட்டம் வேறு, பிழைப்பு வேறு

(கணியம்பாடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கணியம்பாடியில் கோல்ஃப் பற்றிப் பேச வருகிறவன் முதலில் அதற்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் உள்ள இந்த ஊரிலோ சுற்றுவட்டாரத்திலோ பெயர் சொல்லும்படியான கோல்ஃப் திடல் கிடையாது. சி.எம்.சி. மருத்துவமனையின் சமூக நலப் பிரிவு பல பத்தாண்டுகளாக இங்கே செய்துவரும் வேலையால் கணியம்பாடி ஒன்றியத்தை மருத்துவ உலகம் அறியும். விளையாட்டு உலகம் அறியாது. மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, கிழக்கே மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று விரியும் தோல் பிரதேசத்தில் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைக்கு ஷூ கம்பெனி, டேனரி, அல்லது சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயில் என்பதுதான் வழி. அந்த ரயில் போய்ச் சேரும் இரண்டு ஊர்களிலும் கோல்ஃப் கிளப்கள் இருக்கின்றன. அங்கே வேலையும் இருக்கிறது. அந்த வேலை எப்படிப்பட்டது, அதில் ஒருவர் ஆயுள் முழுவதும் கௌரவமாக வாழ முடியுமா, முடியாவிட்டால் எது தடுக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு. நான் நிறுவ முயல்வது ஒன்றே ஒன்று. கிளப்பில் வேலை பார்க்கும் தொழில்முறை ஆட்டக்காரரான ‘கிளப் புரோ’ ஒருவரின் வாழ்க்கையை அவர் பந்தை எவ்வளவு நன்றாக அடிக்கிறார் என்பது தீர்மானிப்பதில்லை. கிளப்பில் அவர் எந்த நிபந்தனையில் நிற்கிறார் என்பதே தீர்மானிக்கிறது.

புரோ என்றதும் தொலைக்காட்சியில் கோப்பை தூக்குகிறவர் நினைவுக்கு வருகிறார். அவர் சிறுபான்மையிலும் சிறுபான்மை. அமெரிக்காவில் பி.ஜி.ஏ. ஆஃப் அமெரிக்கா என்ற சங்கத்தில் ஏறத்தாழ 30,000 பேர் உறுப்பினர்கள். நாம் டிவியில் பார்க்கும் பி.ஜி.ஏ. டூர் 1968இல் அதிலிருந்து பிரிந்துபோன தனி அமைப்பு; அதில் முழு வாய்ப்போடு ஆடுகிறவர்கள் சில நூறு பேர்கூடத் தேறமாட்டார்கள். மற்ற ஆயிரக்கணக்கானோர் கிளப்களில் வேலை பார்க்கிறவர்கள். உறுப்பினருக்குப் பாடம் நடத்துவது, பள்ளி விடுமுறையில் குழந்தைகளுக்குப் பயிற்சி முகாம் வைப்பது, டிரைவிங் ரேஞ்ச் என்ற பயிற்சி மைதானத்தை நிர்வகிப்பது, ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு யார் யாரோடு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பட்டியல் போடுவது, ஆட்டத் திறனை எண்ணால் குறிக்கும் ஹேண்டிகேப் கணக்கைச் சரிபார்ப்பது, விதி குறித்த தகராறைத் தீர்ப்பது, மட்டையின் தேய்ந்துபோன கிரிப்பை மாற்றுவது, கடையில் சரக்கு வாங்கி விற்பது, ஆடுகிறவரின் பையைத் தூக்கி வரும் கேடிகளைப் பழக்குவது, எல்லாம் அந்த ஒருவர் தலையில். நம்மூரில் பள்ளி ஆசிரியர், கடைக்காரர், பஞ்சாயத்துத் தலைவர் ஆகிய மூவரும் சேர்ந்து செய்கிற வேலை என்று வைத்துக்கொள்ளலாம். விதிப்புத்தகமும் புரோவை அப்படித்தான் அடையாளம் காண்கிறது. ஒருவர் காசு வாங்கிக்கொண்டு கற்பித்தாலே அவர் அமெச்சூர் தகுதியை இழந்துவிடுகிறார். அவர் ஒரு போட்டியில்கூட ஆடியிருக்க வேண்டியதில்லை. கற்பிப்பதுதான் இந்தத் தொழிலின் நடுத்தூண். ஆட்டம் அதன் முகப்பு.

இந்தத் தொழில் தோன்றிய இடத்துக்குப் போனால், தோலோடு புழங்கும் நம்மவர்களுக்குப் பழக்கமான வாசனை அடிக்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கோல்ஃப் பந்து என்பது தோல் பை. ஊறவைத்த தோலைத் துண்டு துண்டாக வெட்டி, தைத்து, உள்ளை வெளியாகத் திருப்பி, வேகவைத்த வாத்து இறகை அதற்குள் திணித்து வாயை மூடிவிடுவார்கள். காயும்போது தோல் சுருங்கும், இறகு விரியும். பந்து கல்லாக இறுகும். தேர்ந்த கைவினைஞர் ஒருவர் நாளெல்லாம் உட்கார்ந்தால் மூன்று நான்கு பந்துதான் தேறும் என்பதால் விலையும் அதிகம். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆலன் ராபர்ட்சன் என்பவரின் பட்டறை இதற்குப் பேர்போனது. அவரிடம் தொழில் பழகப் போனவர்தான் 1821இல் பிறந்த டாம் மோரிஸ். 1848 வாக்கில் குட்டா-பெர்ச்சா என்ற மரப்பாலில் செய்த மலிவான பந்து சந்தைக்கு வந்தது. ராபர்ட்சன் அதைப் பகையாகப் பார்த்தார். மோரிஸ் அதைக் கையில் எடுத்து ஆடினார். குருவுக்கும் சீடனுக்கும் உறவு முறிந்தது. மோரிஸ் 1851இல் பிரெஸ்ட்விக் கிளப்புக்குப் போனார். புல்தரையைப் பராமரித்தார், மட்டையும் பந்தும் செய்தார், கற்பித்தார், பந்தயம் கட்டி ஆடினார். 1860இல் அதே பிரெஸ்ட்விக்கில் எட்டுப் பேர் ஆடிய முதல் ஓப்பன் போட்டி நடந்தது. பரிசு என்ன தெரியுமா? வெள்ளி வேலைப்பாடு கொண்ட சிவப்பு மொராக்கோ தோல் பெல்ட். முதல் ஆண்டுகளில் ரொக்கம் கிடையாது. 1868, 1869, 1870 என்று மூன்று முறை தொடர்ந்து வென்ற மோரிஸின் மகன், விதிப்படி அந்த பெல்ட்டைச் சொந்தமாக்கிக்கொண்டார். ஆனால் தந்தையைக் கடைசிவரை காப்பாற்றியது பரிசு அல்ல. 1860களின் நடுவில் செயின்ட் ஆண்ட்ரூஸ் அவரைத் திரும்ப அழைத்து ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளத்தில் திடலின் பொறுப்பைக் கொடுத்தது. பக்கத்திலேயே அவருடைய கடையும் நடந்தது. நான்கு முறை ஓப்பன் வென்றவரின் குடும்பம் நின்றது அந்தச் சம்பளத்திலும் கடையிலும்தான்.

இந்தக் கடை விஷயம் சாதாரணமானதல்ல. பிரிட்டனில் கோல்ஃப் பரவியபோது பந்து விற்பனையில் லாபம் இருப்பதைக் கிளப் நிர்வாகங்கள் கண்டுகொண்டன. புரோவின் கையிலிருந்த விற்பனை உரிமையைத் தாமே எடுத்துக்கொள்வது, அதிகத் தொகை கேட்பவருக்கு ஏலம் விடுவது என்று ஆரம்பித்தன. சம்பளத்தைக் குறைவாக வைத்து, மீதியைக் கடையில் சம்பாதித்துக்கொள் என்று சொன்ன அதே நிர்வாகம்தான் கடையையும் பிடுங்கியது. 1901இல் லண்டனில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் கூடிச் சங்கம் அமைத்ததற்கு உடனடிக் காரணம் இது. ஐந்து முறை ஓப்பன் வென்ற ஜே. எச். டெய்லர் முதல் தலைவரானார். உலகின் முதல் பி.ஜி.ஏ. பிறந்தது பரிசுத்தொகை கேட்டு அல்ல, கடை உரிமை கேட்டு. அதற்குப் பிறகும் புரோ கிளப்பின் முன்வாசல் வழியாக நுழைய முடியவில்லை. 1920இல் இங்கிலாந்தின் டீல் என்ற ஊரில் நடந்த ஓப்பனில், உடை மாற்றும் அறைக்குள் புரோக்களுக்கு அனுமதி இல்லை என்பதால் அமெரிக்கரான வால்டர் ஹேகன் ஒரு சொகுசுக் காரை வாடகைக்கு எடுத்து, கிளப் வாசலிலேயே நிறுத்தி அதற்குள் உடை மாற்றினார். அவரிடம் பணம் இருந்தது, செய்தார். பணம் இல்லாதவர்கள் கடைக்குள் மாற்றிக்கொண்டார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் இன்வெர்னஸ் கிளப் தன் கட்டடத்தைப் புரோக்களுக்குத் திறந்துவிட்டது. அவர்கள் நன்றியாக ஒரு பெரிய கடிகாரத்தை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உள்ளே விட்டதற்கே கடிகாரம் என்றால், அதுவரை எப்படி நடத்தியிருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தியாவுக்கு இந்த ஆட்டம் மிகச் சீக்கிரம் வந்தது. கல்கத்தாவில் 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பைப் பிரிட்டனுக்கு வெளியே மிகப் பழைய கிளப் என்கிறார்கள். பெங்களூரில் 1876, கிண்டியில் ஜிம்கானா கிளப்பின் ஆட்டம் 1880களில், கொடைக்கானலில் 1895. நமக்கு அண்டையில் கோலார் தங்கவயலில் சுரங்கம் நடத்திய ஆங்கிலேயர்களும் தங்கள் கிளப்பில் கோல்ஃப் ஆடினார்கள். அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெருந்தொகையினர் நம் வட ஆர்க்காட்டிலிருந்து போனவர்கள். வந்தது ஆட்டம் மட்டும்தான். ஸ்காட்லாந்தில் அதோடு ஒட்டியிருந்த பட்டறையும் கடையும் தொழில் பழகும் முறையும் வரவில்லை. இங்கே வெள்ளைக்கார உறுப்பினர், பிறகு அவர் இடத்தில் வந்த நம் கனவான். அவருக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு கேடிப் பையன். அந்தப் பையன் பழைய மட்டையால் மரத்தடியில் அடித்துப் பார்த்து, உறுப்பினர் செய்யும் தப்பைப் பார்த்தே சரியைக் கற்றுக்கொண்டான். இந்தியன் ஓப்பன் 1964இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே பி. ஜி. சேத்தி என்ற அமெச்சூர் அதை வென்றார். அதற்கடுத்து ஓர் இந்தியர் வெல்ல 26 ஆண்டுகள் ஆயின. 1991இல் வென்ற அலி ஷேர் டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். 1993இல் மறுபடியும் வென்றார். ராயல் கல்கத்தாவில் புல்தரைப் பராமரிப்பாளரின் மகனாகப் பிறந்த எஸ். எஸ். பி. சௌரசியா 2008இல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸை வென்று ஐரோப்பிய டூர் பட்டத்தைப் பெற்றார். 2016, 2017 இரண்டு ஆண்டும் இந்தியன் ஓப்பன் அவருக்கு. பெங்களூரில் கேடியாகத் தொடங்கிய சி. முனியப்பா 2009இல் அதே ஓப்பனை வென்றார்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். கேடியாக இருந்தவர்களே சாம்பியன் ஆகிவிட்டார்களே, திறமை இருந்தால் கதவு தானாகத் திறக்கிறதே, ஒப்பந்தம் நிபந்தனை என்றெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் எண்ணிப் பாருங்கள். நாட்டில் இருநூறுக்கு மேற்பட்ட திடல்கள். ஒவ்வொன்றிலும் பத்துகளிலிருந்து நூறுகள் வரை கேடிகள். அவர்களில் எத்தனை தலைமுறை கழிந்திருக்கிறது! அதில் நாம் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இரண்டு கை விரலுக்குள் அடங்குகிறார்கள். 2006இல் தொடங்கிய பி.ஜி.டி.ஐ. என்ற உள்நாட்டுத் தொழில்முறைச் சுற்றில் ஒரு கோடி ரூபாய் பரிசுப் போட்டி என்று விளம்பரம் வரும். வெல்பவருக்கு அதில் 15 லட்சம் அளவில் கிடைக்கும். இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் முதல் ஐம்பது இடத்துக்குள் வராதவர்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். நுழைவுக் கட்டணம், ரயில், அறை வாடகை, கேடி கூலி, சாப்பாடு எல்லாம் அவரவர் கைக்காசு. ஐம்பதுக்குள் வந்தாலும் பின்வரிசையில் முடிப்பவருக்குச் செலவு கழிந்து மிச்சமாவது சொற்பம். இதைப் பிழைப்பு என்று நம்பி இறங்கும் ஏழைப் பையன் தன் இருபதுகளை அதற்கு விலையாகக் கொடுக்கிறான். முப்பத்தைந்தில் முதுகு பிடித்துக்கொள்ளும்போது அவன் கையில் ஒரு சான்றிதழ்கூட இருப்பதில்லை.

திறமை கதவைத் திறக்கும் என்பதற்கு மறுசாட்சியாக ஒருவரைச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த செவ்சங்கர் ‘பாப்வா’ செவ்கோலம் கேடியாக வளர்ந்தவர். இரண்டு கையும் இடம் மாறிய விசித்திரமான பிடியில் ஆடுவார். எந்தப் பாடப்புத்தகமும் அதை ஒப்புக்கொள்ளாது; பந்து ஒப்புக்கொண்டது. 1959, 1960, 1964 என மூன்று முறை டச்சு ஓப்பனை வென்றார். 1963இல் வெள்ளையர் கிளப் ஒன்றில் நடந்த நேட்டால் ஓப்பனையும் வென்றார். நிறவெறிச் சட்டம் இருந்ததால் கிளப் கட்டடத்துக்குள் அவரை அழைக்க முடியாது. வெளியே கொட்டும் மழையில் நிற்க வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். 1965இல் உலகப் புகழ் பெற்ற கேரி பிளேயரையே பின்தள்ளி மறுபடியும் அதே பட்டத்தை வென்றார். அதன்பின் அரசு அவருக்குப் போட்டிகளின் வாசலை அடைத்தது. 1978இல் வறுமையில் இறந்தார். உலகத் தரத் திறமை இருந்தவர். ஒரு கிளப்பில்கூட நிற்க இடம் இல்லாதவர். நிறவெறி என்பது உச்ச நிலை, அதையும் நம் நிலையையும் ஒன்றாக்க முடியாது என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். நம்மூர்க் கிளப்களில் அப்படிச் சட்டம் எழுதி ஒட்டவில்லை. ஆனால் கேடியாக இருந்தவர் பயிற்சியாளர் ஆன பிறகும் எந்த வாசல் வழியாக வர வேண்டும், எங்கே தேநீர் குடிக்க வேண்டும் என்பதை எழுதாமலே எல்லோரும் தெரிந்துவைத்திருக்கும் இடங்களில், அளவில் சிறியதானாலும் அதே தர்க்கம்தான் வேலை செய்கிறது.

இந்த ‘எழுதாமலே’ என்பதுதான் சட்டத்திலும் பிரச்சினை. ராயல் ஹாங்காங் கோல்ஃப் கிளப்பில் பல ஆண்டு கேடியாக உழைத்த ஒருவர், நான் கிளப்பின் ஊழியர்தான், எனக்குரிய பலன்களைக் கொடு என்று வழக்குப் போட்டார். கிளப் அவருக்கு எண் கொடுத்திருந்தது, சீருடை கொடுத்திருந்தது, கூலி விகிதத்தைத் தீர்மானித்தது, உறுப்பினர் கணக்கில் பற்று வைத்துக் கூலியையும் கைமாற்றியது. ஆனாலும் 1997இல் லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலின் பெரும்பான்மை நீதிபதிகள், அவர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்தந்த உறுப்பினரோடு தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொண்டவர், கிளப்பின் ஊழியர் அல்ல என்று தீர்ப்பளித்தார்கள். நம் உச்ச நீதிமன்றத்தின் போக்கு வேறாக இருந்திருக்கிறது. 1973இல் சில்வர் ஜூப்ளி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில், பீஸ் கணக்கில் கூலி வாங்கி, விருப்பப்பட்டால் வேறு கடைக்கும் தைத்துக் கொடுக்கும் தையல்காரர்கள்கூட அந்தக் கடையின் ஊழியர்களே என்றது. பீடி சுற்றுபவர்களும் ஷூ மேல்பாகத்தை வீட்டில் தைத்துத் தருபவர்களும் வாழும் இந்த மாவட்டத்தில் இந்தத் தீர்ப்பின் அருமையை விளக்கத் தேவையில்லை. ஆனாலும் கிளப்களில் கேடியும், பல இடங்களில் பயிற்சியாளரும், ஊழியர் என்றும் சொல்ல முடியாத, சுயதொழில் செய்பவர் என்றும் சொல்ல முடியாத இடத்தில்தான் நிற்கிறார்கள். மாதச் சம்பளம் இல்லை, பாடக் கட்டணம் மட்டும். அதில் ஒரு பங்கு கிளப்புக்கு. மழைக்காலத்தில் பாடம் இல்லை, ஆகவே கூலியும் இல்லை. புதிய செயற்குழு வந்தால் வேலையே இருக்குமா என்பது சந்தேகம். இந்த நிலையில் இருப்பவரிடம் போய், நீ உன் தொழிலை வளர்த்துக்கொள், புதிய கருவி வாங்கு, மேற்படிப்புப் படி என்றால் எதை நம்பிச் செய்வார்?

வழி இருக்கிறது. அதை நம் தோல் தொழிலின் வரலாறே காட்டுகிறது. 1970களின் தொடக்கம் வரை இந்தப் பகுதி பெருமளவு ஏற்றுமதி செய்தது ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட பாதித் தோல். அதை வாங்கி முழுத் தோலாக்கி ஷூவும் பையும் தைத்துப் பல மடங்கு விலைக்கு விற்றவர்கள் ஐரோப்பியர்கள். தோல் ஏற்றுமதி பற்றி ஆராய்ந்த சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசு பதனிடாத தோல் ஏற்றுமதியைத் தடுத்தது, பாதித் தோல் ஏற்றுமதிக்கு அளவு விதித்தது. அப்போது இங்கே எழுந்த புலம்பல் கொஞ்சமல்ல. ஆனால் அடையாறில் 1948 முதல் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் கிண்டியில் உள்ள காலணிப் பயிற்சி நிலையமும் ஆள்களைத் தயாரித்தன; இருபது ஆண்டுக்குள் ஆம்பூர் ஷூ ஏற்றுமதி ஊராயிற்று. எங்கே மதிப்புக் கூடுகிறதோ அந்தப் படியை நாமே ஏற வேண்டும் என்பதுதான் அங்கே நடந்தது. தனி மனிதரின் கெட்டிக்காரத்தனம் மட்டும் அதைச் செய்யவில்லை, விதியும் பயிற்சிக்கூடமும் சேர்ந்து செய்தன. கேடி பை தூக்குவது முதல் படி. கற்பிப்பது, கருவியைப் பொருத்தித் தருவது, திடலை நிர்வகிப்பது ஆகியவை மேல்படிகள். இந்தியாவில் அதற்கான ஏணி இல்லாமல் இல்லை. 1955இல் அமைந்த இந்தியன் கோல்ஃப் யூனியனின் பயிற்சிப் பிரிவான நேஷனல் கோல்ஃப் அகாடமி, பயிற்சியாளர்களுக்குப் படிப்படியான சான்றிதழ் வகுப்புகளை நடத்துகிறது. அமெரிக்காவில் 1975லேயே ஃபெரிஸ் பல்கலைக்கழகம் இதற்கென்று ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது. கோல்ஃபோடு கணக்குப்பதிவு, விற்பனை, புல்தரை அறிவியல், ஆள் நிர்வாகம் எல்லாம் அதில் பாடம். அங்கே பி.ஜி.ஏ. உறுப்பினராக ஆடிக் காட்டும் தேர்வு ஒன்று உண்டு. அதில் கேட்கும் மதிப்பெண் சாம்பியன் மதிப்பெண் அல்ல, ஒழுங்காக ஆடத் தெரிந்தவர் எடுக்கக்கூடியதுதான். வாசலில் ஆட்டத்தைச் சோதிக்கிறார்கள், உள்ளே விட்ட பிறகு தொழிலைச் சொல்லித் தருகிறார்கள். அந்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது.

பயிற்சியாளருக்கே இனி என்ன தேவை, எல்லாம் கைப்பேசி வீடியோவில் வந்துவிட்டதே, பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் ரேடார் கருவி சொல்லிவிடுகிறதே என்று இன்னொரு ஆட்சேபம். டென்மார்க்கின் டிராக்மேன் போன்ற கருவிகள் வந்த பிறகு கற்பிக்கும் முறை மாறித்தான் இருக்கிறது. ஆனால் கருவி எண்ணைச் சொல்லும். அந்த எண்ணுக்குக் காரணம் இடுப்பா, மணிக்கட்டா, ஐம்பத்தெட்டு வயது மெம்பரின் முழங்கால் வலியா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். குட்டா-பெர்ச்சா பந்தைப் பகைத்த ராபர்ட்சனே கடைசியில் அதைச் செய்ய வேண்டி வந்தது, முதலிலேயே கையில் எடுத்த மோரிஸின் தொழில் நின்றது. இங்கேயும் கருவியைப் படிக்கத் தெரிந்த பயிற்சியாளருக்கு மதிப்பு கூடும், மற்றவருக்குக் குறையும். ஆனால் கருவியின் விலை பல லட்சம். நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? எந்தப் பக்கம் போனாலும் நிபந்தனைக்கே வந்து சேருகிறோம். பெண்களுக்கு இதில் தனி வாய்ப்பு இருப்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரின் அதிதி அசோக் நான்காம் இடம் வந்த பிறகு சிறுமிகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் கூடியிருப்பார்கள் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பெண் பயிற்சியாளர்கள் அரிது. ஷூ கம்பெனிகளில் பெண்கள் பெருந்திரளாக வேலைக்குப் போகும் இந்தப் பகுதியில், வெளியூர் வேலைக்குப் பெண்ணை அனுப்பலாமா என்ற கேள்வியை ஏற்கெனவே தாண்டிவிட்டோம்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் நிலமும் நீரும். பதினெட்டுக் குழித் திடலுக்கு நூறு ஏக்கருக்குமேல் வேண்டும், கோடையில் தினம் பல லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். பாலாறு காய்ந்து கிடக்கும் ஊரில் நின்றுகொண்டு இதைப் பேச உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. தோல் கழிவால் இந்த ஆற்றுக்கும் கிணறுகளுக்கும் நேர்ந்ததைப் பற்றி, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் நம் ஊர் வழக்குக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே கணியம்பாடிக்கு ஒரு கோல்ஃப் திடல் வேண்டும் என்று நான் கேட்கவில்லை, யாராவது கேட்டால் எதிர்ப்பேன். இருக்கும் திடல்கள் சுத்திகரித்த கழிவுநீரில்தான் புல் வளர்க்க வேண்டும், போர்வெல்லில் அல்ல. என் பேச்சு இருக்கும் திடல்களில் உழைப்பவர்களைப் பற்றியது. நிலத்தின் கேள்வி அவர்களையும் வந்து அடிக்கிறது. 2024 செப்டம்பரில் தமிழக அரசு, கிண்டியில் ரேஸ் கிளப்புக்கு 1945இல் கொடுத்த குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை எடுத்துக்கொண்டது. பந்தயத் திடலுக்குள் இருந்த ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் திடலும் பூட்டப்பட்டது. விவகாரம் நீதிமன்றம் போயிற்று. அந்த நிலம் பொதுமக்களுக்கான பூங்காவும் நீர்நிலையும் ஆவதில் எனக்கு மறுப்பில்லை, வெள்ளம் சூழும் சென்னைக்கு அது தேவைதான். ஆனால் ஒரு காலையில் பூட்டுப் போட்டால் உறுப்பினருக்குப் போவது பொழுதுபோக்கு, கேடிக்கும் பயிற்சியாளருக்கும் போவது அடுப்பு. ஊழியர் என்று எழுத்தில் இருந்தால் இழப்பீடு கேட்கலாம். இல்லாதவர் யாரிடம் கேட்பார்?

கிளப் என்பது தனியார் சங்கம், யாரை எந்த நிபந்தனையில் வைத்துக்கொள்வது என்பது அவர்கள் உரிமை என்று வாதிடுபவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நாட்டின் பெரிய கிளப்களில் பல நிற்பது அரசுக் குத்தகை நிலத்திலும் ராணுவ நிலத்திலும். பொது நிலத்தை அனுபவிக்கும் சங்கத்திடம், அங்கே உழைப்பவருக்கு எழுத்தில் வேலை கொடு என்று கேட்பது அத்துமீறல் ஆகாது. குத்தகையைப் புதுப்பிக்கும்போது வாடகைத் தொகையோடு இதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். கிளப்பின் செலவு கூடும், உண்மை. ஒரு மெம்பர் ஒரு டஜன் நல்ல பந்துக்குக் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது தாங்க முடியாத செலவாகத் தெரியவில்லை.

மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். கோல்ஃப் பயிற்சிக்கும் திடல் பராமரிப்புக்கும் தமிழில் எழுதக்கூடிய ஒரு சான்றிதழ்ப் படிப்பை, நேஷனல் கோல்ஃப் அகாடமியோடு சேர்ந்து தொடங்குங்கள். பல ஆண்டு அனுபவமுள்ள கேடிகளுக்குப் பள்ளிப் படிப்பைக் காரணம் காட்டிக் கதவை மூடாதீர்கள். இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ ஒரு கிளப் உங்களைப் பயிற்சியாளராக அழைத்தால் போங்கள். ஆனால் மாதத் தொகை எவ்வளவு, பாடக் கட்டணத்தில் கிளப்பின் பங்கு எவ்வளவு, திடல் மூடினால் என்ன தருவார்கள், நீக்குவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு என்ற நான்கையும் எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.